இரண்டு பெண்ணையாறுகளுக்கு மேலே ஒரு சிறு விமானம்

இரண்டு பேரோ நான்கு பேரோ மட்டும் அமரக்கூடிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் வறண்ட மலைநாட்டின் மேல் பறப்பதற்குப் பெயர்பெற்ற இடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். அங்கே கொலராடோ ஆறு பாறையை அறுத்து உண்டாக்கிய கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளமும், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலமும், ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆழமும் கொண்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் திருவண்ணாமலையிலிருந்து வடக்கே, சற்று மேற்காக ஒரு கோடு போட்டால், வான்வழியில் சுமார் 300 கிலோமீட்டரில் கண்டிக்கோட்டை வருகிறது. ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் எர்ரமலைக் குன்றுகளைப் பிளந்து பெண்ணாறு ஓடும் இடம் அது. சிவந்த பாறைச் சுவர்கள் செங்குத்தாக ஏறக்குறைய 100 மீட்டர் இறங்குகின்றன. அளவில் அரிசோனாவுக்கு ஈடில்லை. அமைப்பில் அதே இனம்.

திருவண்ணாமலைக்கும் கண்டிக்கோட்டைக்கும் இடையே பலர் கவனிக்காத உறவு ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணையை நிரப்பும் தென்பெண்ணையும், கண்டிக்கோட்டையில் மலையைப் பிளக்கும் பெண்ணாறும் கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில்தான் பிறக்கின்றன. ஒன்று தென்கிழக்காக வந்து கடலூர் அருகே கடலில் சேர்கிறது. மற்றது வடக்கே அனந்தப்பூர் வரை ஏறி, பிறகு கிழக்கே திரும்பி, 597 கிலோமீட்டர் ஓடி நெல்லூருக்கு அப்பால் கடலை அடைகிறது. தென்பெண்ணை கடக்கும் நிலம் பெரும்பாலும் பழைய கருங்கல்லும் அதன் உறவுப் பாறைகளும். பெண்ணாற்றுக்கு வழியில் அடுக்கடுக்கான படிவுப்பாறை வாய்த்தது. மலையிடுக்கு இங்கே இல்லாமல் அங்கே இருப்பதற்குக் காரணம் ஆற்றைவிடப் பாறையில்தான் இருக்கிறது. இதைத் தரையில் நின்று உணர்வது கடினம். ஆறாயிரம் அடி உயரத்தில், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தின் சன்னலில் ஒன்றரை மணி நேரத்தில் அது விளங்கிவிடும்.

இந்த நிலத்தின் மேல் சிறு விமானம் பறப்பது புதிதல்ல. 1932 அக்டோபரில் டாடா நிறுவனம் தொடங்கிய விமான அஞ்சல் சேவையின் முதல் பயணம் கராச்சியில் புறப்பட்டு அகமதாபாத், பம்பாய், பெல்லாரி வழியாக மெட்ராஸ் வந்து முடிந்தது. பம்பாய் வரை ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாடா, அங்கிருந்து மெட்ராஸ் வரை ஓட்டியவர் நெவில் வின்சென்ட். விமானம் ‘புஸ் மாத்’ என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானம். பெல்லாரிக்கும் சென்னைக்கும் நேர்கோடு போட்டால் அது ராயலசீமையின் வறண்ட குன்றுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் வரும். ரேடியோ வழிகாட்டி எதுவும் இல்லாமல், வரைபடத்தையும் திசைகாட்டியையும் கீழே தெரிந்த ஆறுகளையும் நம்பி ஓட்டிய காலம் அது.

அண்மைக் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ‘ஹன்சா-என்ஜி’ என்ற இரண்டு இருக்கை விமானம், 2022 பிப்ரவரியில் கடல் மட்டச் சோதனைகளுக்காகப் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறந்து வந்தது. 140 கடல் மைல் தூரம், ஒன்றரை மணி நேரம். அந்த இரு ஊர்களையும் சேர்க்கும் நேர்கோடு திருவண்ணாமலைக்கு வடக்கே பத்து கிலோமீட்டருக்குள் செல்கிறது. உள்நாட்டில் வடிவமைத்த ஒரு பயிற்சி விமானத்தின் சோதனைப் பாதை அண்ணாமலையை ஒட்டியே அமைந்தது தற்செயல்தான். இந்த வான்வழி சிறு விமானத்துக்கு எவ்வளவு எளிதானது என்பதை அது காட்டுகிறது.

திருவண்ணாமலையில் விமான நிலையம் இல்லை. நேர் வடக்கே 75 கிலோமீட்டரில் வேலூர் அப்துல்லாபுரத்தில் பிரிட்டிஷ் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. சிறு விமானச் சேவைக்காக அண்மையில் புதுப்பிக்கப்பட்டது. கிழக்கே புதுச்சேரி, வடகிழக்கே சென்னை. ஆகவே இந்தப் பயணத்தை நினைப்பவர் சென்னையிலோ புதுச்சேரியிலோ புறப்பட்டு, திருவண்ணாமலையைத் திருப்புமுனையாக வைத்து வடக்கே திரும்பி, கடப்பை விமான நிலையத்தில் இறங்குவதாகத் திட்டமிட வேண்டும். சென்னையிலிருந்து கணக்கிட்டால் மொத்தம் ஏறக்குறைய 510 கிலோமீட்டர். செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானத்துக்கு இரண்டரை மணி நேர வேலை.

செஸ்னா 172 பற்றிச் சொல்லாமல் சிறு விமானங்களைப் பற்றிப் பேச முடியாது. 1955-இல் முதன்முதலாகப் பறந்த இந்த விமானம் இதுவரை 44,000-க்கு மேல் தயாரிக்கப்பட்டுள்ளது. உலகில் வேறு எந்த விமானமும் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை. 160 அல்லது 180 குதிரைத்திறன் எஞ்சின், சுமார் 200 லிட்டர் எரிபொருள், மணிக்கு 110 நாட் வேகம். நிலக்காட்சி பார்ப்பதற்கு இதன் தனிச் சிறப்பு, இறக்கை கூரைக்கு மேலே இருப்பது. இறக்கை கீழே பொருத்தப்பட்ட விமானங்களில் பார்க்க வேண்டிய ஆற்றை இறக்கையே மறைத்துவிடும். ஹன்சாவும் அந்த இரண்டாவது வகைதான்.

எரிபொருள் இந்தியாவில் தனிச் சிக்கல். பெரிய ஜெட் விமானங்களுக்கான எரிபொருள் பெரும்பாலான விமான நிலையங்களில் கிடைக்கும். பிஸ்டன் எஞ்சினுக்கான ‘ஏவ்கேஸ் 100 எல்எல்’ அப்படிக் கிடைக்காது. நெடுங்காலம் முழுவதும் இறக்குமதியாகவே வந்தது. 2022-இல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பிப் புறப்படுவது முட்டாள்தனம். போகவும், தேவையானால் திரும்பவும் போதுமான அளவு புறப்படும் இடத்திலேயே தொட்டியில் இருக்க வேண்டும். மணிக்கு 35 லிட்டர் செலவு என்று வைத்தால் சென்னை–கடப்பைப் பயணத்துக்கு 90 லிட்டருக்குக் குறையாமல் ஆகும். எஞ்சியது சேமிப்பு.

உரிமம் கிடைப்பது பலர் நினைப்பதுபோல் எட்டாக்கனி அல்ல. தனியார் விமானி உரிமத்துக்கு வயது 17 நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, மருத்துவத் தகுதி, எழுத்துத் தேர்வுகள், குறைந்தது 40 மணி நேரப் பறப்பு. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம். தனியார் உரிமம் வைத்திருப்பவர் நண்பரை ஏற்றிச் செல்லலாம். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. சொந்த விமானம் வாங்க வேண்டியதில்லை. பயிற்சி நிறுவனத்தின் விமானத்தில் மணிக்கணக்கில் ஓட்டுவதுதான் பெரும்பாலோர் வழி. ஆனால் இந்தியாவில் அந்த விமானங்கள் பெரும்பாலும் வணிக விமானியாக விரும்பும் மாணவர்களின் மணிக்கணக்கை நிரப்புவதிலேயே ஓய்வில்லாமல் இருக்கின்றன. வேடிக்கை பார்க்கப் பறப்பது என்ற பழக்கம் இங்கே வேரூன்றாததற்குப் பணத்தைப் போலவே இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது அனுமதி. கண்ணால் பார்த்து ஓட்டும் விதிகளின்படி பறப்பவரும் முன்கூட்டியே பறப்புத் திட்டம் தாக்கல் செய்ய வேண்டும். விமானப்படையிடமிருந்து வான்பாதுகாப்பு அனுமதி எண் பெற வேண்டும். அந்த எண் இல்லாமல் வானில் தெரியும் விமானம் அடையாளம் தெரியாத விமானமாகக் கருதப்படும். இந்தப் பாதையைச் சுற்றி ராணுவ வான்வெளிக்குக் குறைவில்லை. கிழக்கே தாம்பரம் விமானப்படைத் தளம், அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி, மேற்கே பெங்களூரின் எலகங்கா. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் அங்குள்ள வான்வெளி மூடப்படும். அறிவிப்புகளை அன்று காலையிலும் ஒரு முறை பார்ப்பது நல்லது. திருவண்ணாமலை–வேலூர்–சித்தூர்–கடப்பை என்ற கோடு இவற்றுக்கெல்லாம் நடுவே ஓரளவு தாராளமான இடத்தில் அமைகிறது.

உயரத்தைத் தேர்வதிலும் விதி உண்டு. மேற்குப் பக்கமாகச் செல்லும் விமானங்கள் இரட்டைப்படை ஆயிரங்களோடு 500 அடி சேர்த்துப் பறக்க வேண்டும். கிழக்குப் பக்கமாகச் செல்பவை ஒற்றைப்படை ஆயிரங்களோடு. எதிரெதிரே வருபவை ஒரே உயரத்தில் சந்திக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. திருவண்ணாமலையிலிருந்து கண்டிக்கோட்டைக்கான திசை வடக்கிலிருந்து சற்றே மேற்கு. எனவே 4,500 அல்லது 6,500 அடி. இடையில் ஜவ்வாது மலையும் சேஷாசலமும் இருப்பதாலும், மதனப்பள்ளிப் பக்கம் ஹார்ஸ்லி குன்று 4,000 அடியைத் தாண்டுவதாலும் 6,500 அடியே பொருத்தம்.

அண்ணாமலை 814 மீட்டர் உயரம், அதாவது சுமார் 2,670 அடி. செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும்போது உருண்டைப் பாறைகள் குவிந்த குன்றுகள் ஒவ்வொன்றாகக் கழிந்து, சமவெளியில் தனித்து நிற்கும் பெரிய மலையாக அது முன்னே எழுகிறது. ஊர்களின் மேல் பறக்கும்போது 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயர்ந்த பொருளுக்கு மேல் 1,000 அடி இடைவெளி வேண்டும் என்பது விதி. உச்சியை ஒட்டிப் போவதானால் 3,700 அடிக்குக் குறையக் கூடாது. அந்த உயரத்திலிருந்து 217 அடி ராஜகோபுரம் சதுர மதில்களின் கிழக்கு விளிம்பில் ஒரு சிறு மேடாகத்தான் தெரியும். தரையில் பிரம்மாண்டமாக இருப்பது சிறுத்துப் போகிறது. தரையில் ஒருபோதும் முழுமையாகக் காண முடியாதது கண்ணுக்குள் அடங்குகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மலையைச் சுற்றி ஒரே வளையமாகத் தெரிவதைக் காண வானைவிட்டால் வேறு இடமில்லை. 1980-களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வக் குழுக்கள் நட்டு வளர்த்த மரங்களால் பச்சை பிடித்த சரிவுகளும், இன்னும் மொட்டையாகக் கிடக்கும் பாறைகளும் பிரிந்து தெரியும்.

பௌர்ணமி இரவில் கிரிவலக் கூட்டத்தையோ கார்த்திகை தீபத்தையோ இப்படி மேலிருந்து பார்க்கலாமே என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: கண்ணால் பார்த்து ஓட்டும் விதிகளின் கீழ் சூரியன் மறைந்த பிறகு இந்தியாவில் இப்படிப் பறக்க முடியாது.

தென்மேற்கே சாத்தனூர் நீர்த்தேக்கம் பளபளக்கும். 1958-இல் முடிந்த அணை அது. வடக்கே திரும்பினால் முதல் அரை மணி நேரம் தமிழ்நாட்டின் ஏரி நாடு. நீர் நிறைந்த மாதங்களில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பிறைவடிவக் கரை, அதன் கீழே நெல் கழனிகள், கரைக்கு எட்டாத மேட்டில் மல்லாட்டைக் கொல்லைகள். இடப்பக்கம் ஜவ்வாது மலை. அதன் காடுகளுக்கு நடுவே காவலூர் வானாய்வகத்தின் வெண்ணிறக் கவிகை தெளிந்த காலையில் தெரியும். வைணு பாப்பு பெயரைத் தாங்கிய அந்த ஆய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் இயங்கத் தொடங்கியது. பிறகு பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி அது ஆறு என்பதற்கான அடையாளம் மணல் மட்டும்தான். மேலிருந்து பார்த்தால் வேலூருக்குக் குறுக்கே விரித்த அகலமான வெளிர் பட்டை. பாதையின் வறட்சி இங்கேதான் தொடங்குகிறது.

சித்தூரைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. ஏரிகள் குறைந்து, பச்சை ஆற்றோரங்களில் ஒதுங்குகிறது. குன்றுகளின் வடிவமும் மாறுகிறது. இதுவரை வந்தவை உருண்டு திரண்ட கருங்கல் குன்றுகள். இனி வருபவை தலை தட்டையான, பக்கங்களில் செங்குத்துச் சுவர் கொண்ட மலைகள். கிழக்கே திருமலைத் தொடரின் விளிம்பில் அந்தச் சுவர் தெளிவாகத் தெரியும். சுமார் 250 கோடி ஆண்டு பழமையான கருங்கல்லின் மேல், சுமார் 160 கோடி ஆண்டு பழமையான குவார்ட்சைட் அடுக்கு நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தின் பாறைகள் அரித்துப் போயின, அல்லது படியவே இல்லை. திருமலை மலைப்பாதையில் பேருந்தில் போகிறவர்களும் இந்தக் கோட்டைக் கடக்கிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. கிராண்ட் கேன்யனின் அடியிலும் இதே வகையான இடைவெளி இருக்கிறது. அங்கே அதைக் காட்டுவதற்கு ஆறு ஒன்றரை கிலோமீட்டர் தோண்ட வேண்டியிருந்தது.

கடப்பைப் படுகை என்று புவியியலாளர் அழைக்கும் பெரிய பிறைவடிவப் பரப்பு இங்கே தொடங்குகிறது. தொன்மையான கடலடியில் மணலும் சேறும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியவை. ‘கடப்பைக்கல்’ என்று தமிழ்நாட்டு வீடுகளில் தரையிலும் அலமாரித் தட்டிலும் சமையல் மேடையிலும் கிடப்பது இந்தப் படுகையின் சுண்ணாம்புப் பாறைதான். மழையும் இங்கே குறைவு. அருகில் உள்ள அனந்தப்பூர்ப் பகுதியின் ஆண்டு சராசரி சுமார் 550 மில்லிமீட்டர், திருவண்ணாமலையில் பெய்வதில் ஏறக்குறைய பாதி. இது பாலைவனம் அல்ல. ஆனால் மண் போர்வை மெலிந்து, பாறை எலும்பு வெளியே தெரியும் நிலம். மேலிருந்து பார்ப்பவருக்கு அதுவே வசதி. மழைக்காட்டின் மேல் எவ்வளவு பறந்தாலும் தெரிவது மர உச்சிகள்தான்.

ஜம்மலமடுகுக்கு மேற்கே பெண்ணாறு எர்ரமலையைச் சந்திக்கும் இடம் கண்டிக்கோட்டை. கெட்டியான குவார்ட்சைட் அடுக்குகளில் இயல்பாகவே செங்குத்து வெடிப்புகள் உண்டு. ஆறு அடியை அறுக்க அறுக்க, மேலே உள்ள பாறை அந்த வெடிப்புகளில் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. அதனால் சுவர் சரிவாகத் தேயாமல் செங்குத்தாகவே பின்வாங்குகிறது. இரும்புக் கறை ஏறியதால் நிறம் சிவப்பு. ஒரு பக்க விளிம்பில் கோட்டை. 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, பெம்மசானி நாயக்கர்களால் வலுப்படுத்தப்பட்டது. உள்ளே மாதவராயர் கோயிலும், ரங்கநாதர் கோயிலும், ஜாமியா மசூதியும், பெரிய தானியக் களஞ்சியமும் நிற்கின்றன. வைர வணிகர் தவெர்னியே 1652-இல் கோல்கொண்டாவின் படைத்தலைவர் மீர் ஜும்லாவைச் சந்திக்க இங்கே வந்தார். தரையில் நிற்பவர் கோட்டையின் ஓர் ஓரத்திலிருந்து இடுக்கின் ஒரு திருப்பத்தைத்தான் பார்க்கிறார். வானிலிருந்து அந்த இடத்தைத் தேர்ந்தவர்களின் கணக்கு புரிகிறது: ஒரு பக்கம் ஆற்றின் இடுக்கே அகழி, மதில் கட்ட வேண்டியது மீதிப் பக்கங்களில்தான். மேலே கண்டிக்கோட்டை அணை, கீழே மயிலவரம் அணை; நடுவே பச்சை நீர் தேங்கிய இடுக்கு வளைந்து கிடக்கிறது.

அழகு இவ்வளவு. இதே நிலம்தான் சிறு விமானத்துக்கு ஆபத்தையும் உண்டாக்குகிறது. காரணமும் அதேதான்: மூடாத பாறையும் அதன் மேல் அடிக்கும் வெயிலும்.

முதலில் சூடு. வெப்பம் ஏறினால் காற்றின் அடர்த்தி குறைகிறது. இறக்கை தூக்குவதும், உந்தி இழுப்பதும், எஞ்சின் மூச்சு விடுவதும் அடர்த்தியை நம்பியே. விமானிகள் இதை ‘அடர்த்தி உயரம்’ என்ற கணக்கால் அளக்கிறார்கள்: அந்த உயரத்துக்குரிய நியம வெப்பநிலையைவிட ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் கூடும்போதும் சுமார் 120 அடி கூட்டிக்கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 600 அடி உயரத்தில் உள்ள ஓர் ஓடுபாதையில் மே மாத நண்பகல் 40 டிகிரி என்றால், விமானத்தின் நடத்தை 3,700 அடி உயரத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும். ஓடுபாதையில் அதிக தூரம் ஓடும், மெதுவாக ஏறும். 6,600 அடி உயரத்தில் இருக்கும் கிராண்ட் கேன்யன் விமான நிலையத்தில் 30 டிகிரி வெயிலில் இந்தக் கணக்கு 10,000 அடியைத் தொடுகிறது. நான்கு இருக்கை இருக்கிறது என்பதற்காக நான்கு பேரும் முழுத் தொட்டியும் ஏற்றிக்கொண்டு கோடை மதியத்தில் புறப்படுபவர் இதற்கு விலை கொடுக்க நேரிடும்.

அடுத்தது காற்றின் குதிப்பு. சூடான பாறை தன் மேலுள்ள காற்றைச் சூடாக்க, அது தூணாக மேலேறுகிறது. பக்கத்தில் ஏரியோ கழனியோ இருந்தால் அங்கே காற்று கீழிறங்குகிறது. இரண்டையும் மாறிமாறிக் கடக்கும் விமானம் மேடு பள்ளமான சாலையில் மாட்டுவண்டி போவதுபோல் ஆடும். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிடத் தொடங்குவது அந்தத் தூண்கள் உருவாகிவிட்டன என்பதற்கு அறிகுறி. பருந்தோடு மோதுவதும் சின்ன விஷயமல்ல.

மலைமுகட்டைக் கடக்கும்போது காற்று வேறு விதமாக நடந்துகொள்கிறது. காற்று மோதும் பக்கத்தில் அது மேலே தூக்கும். கடந்து அப்பால் போனதும் கீழே அழுத்தும். நிமிடத்துக்கு 500 அடி ஏறக்கூடிய விமானத்தை அதைவிட வேகமாக இறங்கும் காற்று பிடித்துக்கொண்டால் எஞ்சினை முழுவேகத்தில் வைத்தாலும் பயனில்லை. அதனால் முகட்டுக்கு மேல் 1,000 அடியாவது இடைவெளி வைத்து, நேராக மோதாமல் 45 டிகிரி சாய்வில் அணுகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சாய்வில் வந்தால், காற்று அழுத்தும்போது பாதி திருப்பத்திலேயே பள்ளத்தாக்கின் பக்கம் விலகிவிடலாம்.

எல்லாவற்றிலும் கொடியது இடுக்குக்குள் இறங்கும் ஆசை. 100 நாட் வேகத்தில் 30 டிகிரி சாய்ந்து திரும்பும் விமானத்துக்கு முழுவட்டம் போட ஏறக்குறைய 930 மீட்டர் அகலம் தேவை. 45 டிகிரி சாய்த்தால் 540 மீட்டர் போதும். ஆனால் அப்போது இறக்கை தாங்க வேண்டிய எடை ஒன்றரை மடங்கை நெருங்குகிறது, தூக்குவிசை அறுந்துபோகும் வேகம் 19 சதவீதம் உயர்கிறது. கண்டிக்கோட்டை இடுக்கோ குறுகிய இடங்களில் 100 மீட்டர் அகலம்தான். உள்ளே போன விமானம் திரும்ப முடியாது; முன்னே தரை உயர்ந்துகொண்டே போனால் தப்பவும் முடியாது. மக்கள் இல்லாத இடங்களில் தரையிலிருந்து 500 அடி என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். இடுக்கின் விளிம்புக்கு மேல் 1,500, 2,000 அடி என்பது அனுபவம் சொல்வது. காட்சிக்கும் அந்த உயரமே நல்லது: விமானி இடது இருக்கையில் இருப்பதால், இடுக்கை இடப்பக்கம் வைத்து அகலமான வட்டம் ஒன்றோ இரண்டோ போட்டால் இரண்டு அணைகளும் கோட்டையும் ஒரே பார்வையில் வரும்.

காட்சிக்காகப் பறப்பதில் இன்னொரு ஆபத்து, எல்லோரும் ஒரே இடத்தைப் பார்க்க வருவது. 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யனுக்கு மேல் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தனர். பயணிகளுக்குப் பள்ளத்தாக்கைக் காட்டுவதில் விமானிகளின் கவனம் போயிருக்கலாம் என்பது விசாரணை அறிக்கை குறிப்பிட்ட சாத்தியங்களில் ஒன்று. அமெரிக்காவின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு முழுவதும் மாற்றி அமைக்கப்பட்டதற்கு அந்த விபத்து முக்கியக் காரணம். 1986 ஜூன் 18 அன்று அதே பள்ளத்தாக்கில் சுற்றுலா விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 25 பேர் இறந்தனர். மறு ஆண்டே சட்டம் வந்தது. விளிம்புக்குக் கீழே சுற்றுலாப் பறப்பு தடை செய்யப்பட்டது. பறக்கக் கூடாத பகுதிகளும், அவற்றுக்கு இடையே உயரம் வகுத்த வழித்தடங்களும் வந்தன. கண்டிக்கோட்டையில் அந்த நெரிசல் இல்லை. அங்கே சிக்கல் நேர்மாறானது: ஏதாவது நேர்ந்தால் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆந்திர மலைநாட்டின் தனிமையை 2009 காட்டியது. அந்த ஆண்டு செப்டம்பர் 2 அன்று ஐதராபாத்திலிருந்து சித்தூர் மாவட்டத்துக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டர், கடும் மழைமேகத்துக்கு நடுவே நல்லமலைக் காட்டில் விழுந்து, முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியும் உடன் சென்ற நால்வரும் உயிரிழந்தனர். மிகப் பெரிய தேடல் பணி முடுக்கிவிடப்பட்டும், இடத்தைக் கண்டது மறுநாள் காலையில்தான். நல்லமலை கண்டிக்கோட்டைக்கு வடகிழக்கே தொடங்குகிறது. இருப்பிடம் அறிவிக்கும் கருவியைச் சரிபார்ப்பது, குறித்த நேரங்களில் ரேடியோவில் இடம் சொல்வது, தண்ணீரும் முதலுதவியும் வைத்துக்கொள்வது ஆகியவற்றுக்கு இந்த நிலத்தில் சடங்கை மீறிய மதிப்பு உண்டு. எஞ்சின் நின்றால் செஸ்னா ஒரு மடங்கு இறங்க ஒன்பது மடங்கு தூரம் சறுக்கும். தரைக்கு மேல் 5,000 அடி இருந்தால் சுமார் 14 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் வறண்ட ஆற்று மணலோ தரிசு நிலமோ எப்போதும் இருக்குமாறு பாதையை வளைத்துக்கொள்வார் நல்ல விமானி. ஜவ்வாது, சேஷாசலம் காடுகளின் மேல் மட்டும் அந்த வசதி இல்லை. அங்கே கூடுதல் உயரமே காப்பீடு.

காலம் தேர்வதில் அதிகம் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. மார்ச் முதல் ஜூன் வரை சூடு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்குக் காற்று, மாலையில் இடிமேகம். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை. மிஞ்சுவது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. அப்போதும் விடியலில் மூடுபனி சமவெளியில் தேங்கும். கண்ணால் பார்த்துப் பறக்க 5 கிலோமீட்டர் தெளிவு வேண்டும் என்பதால் அது விலகும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வெயிலின் பக்கம் நகர்த்துகிறது. பனி விலகியதற்கும் காற்று குதிக்கத் தொடங்குவதற்கும் இடையே இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் கிடைக்கும். நல்லவேளையாக, நிலத்தின் மேடு பள்ளம் நன்றாகத் தெரிவதும் அப்போதுதான். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு குன்றும் தன் நிழலை நீட்டுகிறது. உச்சி வெயிலில் இடுக்கு தட்டையாகி, சுவரும் தரையும் ஒரே சிவப்பாகக் கலந்துவிடும்.

கண்டிக்கோட்டையிலிருந்து கடப்பை விமான நிலையம் தென்கிழக்கே நேர்கோட்டில் 60 கிலோமீட்டர் சொச்சம், இருபது நிமிடம். 2015-இல் திறக்கப்பட்ட நிலையம் அது. பெண்ணாற்றையே வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டு புரொத்தட்டூர் பக்கமாகக் கீழிறங்கலாம். இப்போது திசை கிழக்குப் பக்கம் என்பதால் உயரமும் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 அடிக்கு மாற வேண்டும். பதினோரு மணிக்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டால், விமானத்தைக் கயிற்றால் கட்டி நிறுத்திவிட்டு, திரும்பும் பயணத்தை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்வதே வழக்கம். மாலையில் திரும்புவதும் உண்டு. ஆனால் சூரியன் மறைவதற்குள் சென்னையில் இறங்கியாக வேண்டும் என்ற நெருக்கடியில், அடங்காத வெப்பக்காற்றுக்கும் குறையும் வெளிச்சத்துக்கும் நடுவே சேஷாசலத்தைக் கடப்பதைப் பெரும்பாலான பயிற்றுநர்கள் ஏற்க மாட்டார்கள்.